ரொட்டி மேல் எதுவும் தடவக் கூடாது

வெர்னெல் பாக்ஸ்டன் என்று கேட்டால் டென்பரோவில் பாதிப் பேர் யோசிப்பார்கள். பச்சைக் கார் வெர்னெல் என்றால் போதும், வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். டென்பரோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு, அதாவது பந்தைக் கையில் ஏந்தி இடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு, பச்சைதான் நிறம். அந்த ஒரே காரணத்துக்காக, எஞ்சின் இருமிக்கொண்டிருந்த ஒரு பழைய காரைப் பேரம் பேசாமல் வாங்கியவள் அவள்.

புருஷன் க்ளீவன் இருந்த காலத்தில் சனிக்கிழமை என்றாலே அந்த வீட்டில் திருவிழா. விடிந்ததும் ஸ்டேடியத்துக்கு வெளியே அடுப்பை இறக்கிப் பன்றி விலா சுட ஆரம்பித்துவிடுவார்கள். டிக்கெட் வாங்கக் கையில் காசு இல்லாத வருஷங்களில் வேலிக்கு இந்தப் பக்கமே நாற்காலி போட்டு, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். சர்க்கரை நோயில் க்ளீவன் போனபோது, அணியின் தொப்பியை அவன் நெஞ்சின் மேல் வைத்துத்தான் பெட்டியை மூட வேண்டும் என்று வெர்னெல் பிடிவாதம் பிடித்தாள். பாஸ்டர் முகம் சுளித்தார். அவள் அசையவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு விளையாட்டு வீரர்களின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும்? ரேடியோவில் பெயராக மட்டும் கேட்ட பையன்கள் தட்டை நீட்டிக்கொண்டு எதிரே நின்றார்கள். முதல் வாரம் முழுக்க யார் கேட்டாலும் ஒரு கரண்டி கூடுதலாகவே அள்ளிப் போட்டாள்.

அந்தக் காலத்தில்தான், மாணவ வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்று டிவியில் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் டீக்கன் பர்னெல் அதைத்தான் பேசுவார். பர்னெல் ஓய்வுபெற்ற தபால்காரர், சர்ச் காரியங்களைக் கவனிக்கும் மூப்பர். அணியின் விஷயத்தில் கோச்சைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நம்புகிறவர்.

"படிப்பு இலவசம், தங்க இடம் இலவசம். இதுக்கு மேல சம்பளம் வேற வேணுமாம். நாமெல்லாம் காலேஜ் வாசலையாவது மிதிச்சோமா?" என்பார்.

வெர்னெல் அப்போது அவர் கட்சி. "காசு உள்ள வந்தா ஆட்டம் கெட்டுப்போயிடும் டீக்கன். இப்பதான் மனசோட ஆடுறாங்க" என்று சொன்னவள் அவள்தான். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே நாக்கு கசக்கும்.

சாப்பாட்டுக் கூடத்தின் சமையலறைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. கல்லூரி விளையாட்டுகளையெல்லாம் கட்டி ஆளும் சங்கத்தின் விதி அது. வீரர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான் கூடத்தில் போடலாம். மற்ற நேரத்தில் பழம் தரலாம், கடலை தரலாம், வெறும் ரொட்டி தரலாம். ரொட்டி மேல் எதையாவது தடவிக் கொடுத்தால் அது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்படிக் கொடுப்பது குற்றம். அதை முதன்முதலில் படித்தபோது யாரோ விளையாட்டுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து வெர்னெல் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் சிரிக்கவில்லை.

டவாரிஸ் மோப்ளியை அவள் கவனித்தது ஒரு திங்கட்கிழமை. தடுப்பு வரிசையில் ஆடும் பையன். எதிராளியை ஓடவிடாமல் இடித்துச் சாய்ப்பதுதான் அவன் வேலை. கதவில் வந்து நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. ஐம்பத்திரண்டாம் நம்பர். அந்த நம்பர் போட்ட பச்சை ஜெர்சியைப் பல்கலைக்கழகக் கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள், அடுக்க அடுக்கத் தீரும். முதுகில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். பெயர் போட்டால் அவனுக்குப் பங்கு கொடுக்க வேண்டிவருமாம்.

அன்றைக்கு அவன் ரொட்டிக் கூடையிலிருந்து எடுத்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, புறா வளக்கிறியா?" என்றாள் வெர்னெல்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "இல்லைங்க மிஸ் வெர்னெல். நேத்து காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலைங்க. ஞாயித்துக்கிழமை இங்க பூட்டிடறாங்கல்ல."

"காசு?"

"வீட்டுலேருந்து வந்தா உண்டு. பிராக்டிஸ், கிளாஸ்னு இருக்கறதுல வேலைக்கும் போக முடியாதுங்க."

பகடி பண்ணுகிறான் என்று நினைத்து அவள் சிரிக்கப் போனாள். அவன் காது வரை முகம் சிவந்து, பையிலிருந்த ரொட்டியை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூடையில் வைக்க ஆரம்பித்தபோதுதான் சிரிப்பு நின்றது. சனிக்கிழமை ஸ்டேடியம் நிறைந்து வழிய, இந்தப் பையன் மூன்று முறை எதிரணியைத் தரையில் உருட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாள் அவள். மறுநாள் இவன் பட்டினி கிடந்திருக்கிறான்.

கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். பீநட் பட்டர் டப்பாவைத் திறந்து, சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே, ரொட்டி மேல் கரண்டி கரண்டியாகத் தடவினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். பொரித்த கோழி, பன்றிக்கொழுப்பில் வதக்கிய கீரை, சோள ரொட்டி, பீன்ஸ். தட்டிலிருந்து கண் எடுக்காமல் வேகவேகமாகச் சாப்பிட்டான்.

"மெதுவாத் தின்னுடா. கோழி எழுந்து ஓடிடப் போறதில்லை."

"ஓடினாப் பிடிச்சிருவேங்க. அதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க."

க்ளீவன் போன பிறகு அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டையெல்லாம் அவனே கழுவினான். விட்டுவிடு என்றால் கேட்கவில்லை. "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்க" என்றான். பிறகு சோஃபாவில் கால் வெளியே தொங்கத் தூங்கிப்போனான். அதன் பிறகு எல்லா ஞாயிறும் வந்தான்.

கெடுத்தது ஒரு போட்டோ. பக்கத்து வீட்டுப் பெண் கேக் கொடுக்க வந்தவள், டவாரிஸ் கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபம் சொல்வதைப் படமெடுத்து, "மிஸ் வெர்னெல் வீட்டில் நம்ம ஐம்பத்திரண்டு" என்று பெருமையாக இணையத்தில் போட்டுவிட்டாள். பாவம், நல்ல மனசோடுதான் செய்தாள். எதிரணி ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்துச் சங்கத்துக்கு எழுதிப்போட்டார்கள்.

ஒரு மத்தியானம் ஹட்டோ என்ற இளைஞர் அவள் வீட்டுக்கு வந்தார். வீரர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதற்குப் பல்கலைக்கழகம் வைத்திருந்த ஆள். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. வெர்னெல் ஐஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் கிளாஸைத் தொடவே இல்லை.

"மன்னிச்சுக்கங்க மேடம். விசாரணைக்கு வந்த இடத்துல எதுவும் சாப்பிடக் கூடாது."

"டீதானே தம்பி."

"டீயும்தாங்க." லேப்டாப்பைத் திறந்தார். "எத்தனை ஞாயித்துக்கிழமை சாப்பிட்டிருப்பார்? ஒரு தடவைக்கு எத்தனை கோழித் துண்டு? நெஞ்சுக்கறியா, காலா?"

"எதுக்கு?"

"விலை போடணுங்க. ரெண்டுக்கும் விலை வேற."

வெர்னெல் டீ கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் மேசையில், ஜெபம் சொல்லிச் சாப்பிட்ட சோற்றைத் துண்டு துண்டாக ஒருத்தன் விலை போடுகிறான். எழுந்துபோய்க் குப்பைக்கூடையைக் காட்டி, 'எலும்பை எண்ணிக்கோ' என்று சொல்லலாமா என்று வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"என் வீட்டு மாவு, என் வீட்டுக் கோழி. பல்கலைக்கழகத்துக்கு இதுல என்ன நஷ்டம்?"

"நீங்க பல்கலைக்கழக ஊழியர். அவர் வீரர். ஊழியர் வீரருக்குக் கொடுத்தா அது மறைமுகச் சம்பளம் மாதிரி. அவர் இங்க சேர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு அவரைத் தெரியுமா? குடும்ப நண்பர்னா தப்பிக்க வழி இருக்கு."

"தெரியாது. பசியோட இருந்தான். அதுதான் தெரியும்."

ஹட்டோ அதையும் டைப் அடித்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. டவாரிஸ் இரண்டு ஆட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டும். தின்ற சாப்பாட்டின் விலையை ஏதாவது தர்ம நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். அவனிடம் ஏது? மிசிசிப்பி டெல்டாவில் கெளுத்தி மீன் அறுக்கும் ஆலையில் அவன் அம்மா ஓசெல்லா வேலை செய்தாள். அவள் அந்த வாரக் கூலியை அனுப்பினாள். அது தெரிந்ததும் வெர்னெல் பல்கலைக்கழக ஆபீசுக்கே ஓடினாள்.

"அந்தக் காசை நான் கட்டறேன். அந்தம்மாவுக்குத் திருப்பி அனுப்புங்க."

"நீங்க கட்டக் கூடாதுங்க மேடம்," என்றார் ஹட்டோ, உண்மையான வருத்தத்தோடு. "கட்டினா அது இன்னொரு குற்றமாயிடும்."

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது. கெட்டவனாக இருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம்.

அந்த இரண்டு ஆட்டத்திலும் டென்பரோ தோற்றது. ஒன்று பரம எதிரியிடம். தொலைபேசியில் முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டு வாயில் வந்ததைச் சொன்னார்கள். பச்சைக் காரின் கதவில் யாரோ ஆணியால் நீளமாகக் கோடு கிழித்தார்கள். சர்ச்சில் டீக்கன் பர்னெல் எதிரே வந்து நின்றார்.

"ஒரு தட்டு சோத்தால சீசனே போச்சே வெர்னெல். திருப்திதானே?"

"அவன் பட்டினி கிடந்தான் டீக்கன்."

"நாம எல்லாரும் சின்ன வயசுல பட்டினி கிடந்தவங்கதான். செத்தா போயிட்டோம்?"

பீடத்தில் அன்றைக்கு, இயேசு ஐயாயிரம் பேரின் பசி தீர்த்த ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையைத்தான் வாசித்தார்கள். பர்னெல் தலையை ஆட்டி ஆட்டி ஆமென் சொன்னதை வெர்னெல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு நடுவரிசையில் உட்காருவதை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அவளைச் சமையலிலிருந்து எடுத்து மாணவர் விடுதியின் சலவைக்கூடத்தில் போட்டார்கள். மருத்துவக் காப்பீடு வேண்டியிருந்ததால் அதையும் முழுங்கிக்கொண்டாள்.

டவாரிஸ் திரும்ப ஆட வந்தான். தோல்வியை அவன் தலையில் கட்டியிருந்ததால், முட்டி வீங்கியிருப்பதை வெளியே சொல்லாமல் ஆடினான். நவம்பரில் ஒரு ஆட்டத்தில் இரண்டு பேர் அவன் கால் மேல் விழுந்தார்கள். சலவைக்கூட டிவியில் அதை வெர்னெல் பார்த்தாள். விளம்பரம் போட்டுவிட்டு மறுபடி மறுபடி அதையே காட்டினார்கள், மெதுவாக ஓட்டி, நாலு கோணத்தில்.

ஆபரேஷன் நடந்தது. படிப்புக்கான உதவித்தொகை வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. வசந்தகாலத்தில் புதுப்பிக்கவில்லை. கோச் ராட்லிஃப் அவனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, வேறு சின்ன கல்லூரி எதிலாவது புதிய வாய்ப்பு இருக்கும் என்று சொன்னாராம். இலவசப் படிப்பு என்று டீக்கன் சொன்னாரே, அது முட்டியோடு சேர்ந்து முடிந்தது.

அவனை ஊருக்குக் கொண்டுபோய் விட வேறு யாரும் இல்லை. வெர்னெல்தான் கீறல் விழுந்த காரில் ஏற்றினாள். மூணு வருஷத்துச் சாமான் கறுப்புக் குப்பைப் பைகளில் பின்சீட்டில் கிடந்தது. பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். டவாரிஸ் கால் மரத்துவிட்டது என்று ஊன்றுகோலோடு இறங்கி நின்றான்.

பக்கத்துப் பம்பில் பெரிய வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவன் டென்பரோ ஜெர்சி போட்டிருந்தான். முதுகில் ஐம்பத்திரண்டு. திரும்பி டவாரிஸை ஏற இறங்கப் பார்த்தான். அடையாளம் கண்டுவிட்டான் என்றே வெர்னெல் நினைத்தாள்.

"கால்ல என்ன தம்பி, ஆக்ஸிடென்ட்டா?"

"ஆமாங்க. அப்படித்தான்."

"சீக்கிரம் குணமாகட்டும். யப்பா, என்ன உடம்பு! நீ ஃபுட்பால் ஆடியிருக்கலாமே. நம்ம பசங்களுக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேணும்."

ஹெல்மெட் இல்லாத முகத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எங்கம்மா விடலைங்க," என்றான் டவாரிஸ்.

காரில் ஏறியதும் வெர்னெல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். டவாரிஸ்தான் முதலில் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓசெல்லா வாசலிலேயே நின்றிருந்தாள். கை முழுக்கக் கத்திக்கீறல். எவ்வளவு கழுவியும் போகாத மீன்வாடை. மகனை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து வெர்னெலுக்குக் காபி ஊற்றினாள். வெர்னெல் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"நீங்க எதுக்குக் கேட்கணும் அக்கா? அவனைச் சேர்த்துக்க வந்தப்போ அந்தக் கோச் இதே நாற்காலியிலதான் உட்கார்ந்தார். 'உங்க பையன் இனிமே என் பையன்'னார். மூணு தடவை கேட்டு வாங்கித் தின்னார். நானும் வாய்க்கு வாய் ஊட்டாத குறையா போட்டேன்." ஓசெல்லா நிறுத்தினாள். "அந்தச் சாப்பாட்டுக்கு யாரும் விலை கேட்டு வரலை."

திரும்பி வரும் வழியில் வெர்னெல் ரேடியோவைப் போடவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எப்போதுமே போடவில்லை.

அடுத்த சீசனில் தோல்வி மேல் தோல்வி. கோச்சைப் போகச் சொன்னார்கள். ஒப்பந்தம் மிச்சம் இருந்ததால் வேலை செய்யாமல் வீட்டில் இருப்பதற்கு அவருக்குக் கொடுத்த தொகையைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். வெர்னெல் தெருவிலுள்ள அத்தனை பேரும் ஆயுள் முழுக்க உழைத்தாலும் அது வராது.

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான் வெர்னெல். பேசினதைக் கொடுக்கணுமில்லே," என்றார் டீக்கன் பர்னெல்.

"அந்தப் பையன்கிட்ட யாரும் எதுவும் பேசலையா டீக்கன்?"



பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. நீதிமன்றம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் என்று இழுத்ததில் சங்கம் வளைந்துகொடுத்தது. வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் வாங்கலாம் என்றானது. ஊர்ப் பணக்காரர்கள் கூடி வீரர்களுக்குக் கொடுக்க ஒரு நிதியே ஆரம்பித்தார்கள். சர்ச் வாசலில் அதற்கு நன்கொடை திரட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? டீக்கன் பர்னெல்தான். பச்சை டி-ஷர்ட்டில், தள்ளாடும் வயதில், கையில் டப்பாவோடு.

"நீயும் ஏதாவது போடு வெர்னெல். பசங்களுக்குக் கொடுக்கணும்மா. இல்லேன்னா வேற காலேஜுக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்."

பசிக்குத் திறக்காத கை, போட்டி என்றதும் திறந்துகொண்டது. வெர்னெல் டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நடந்து போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஏதோ அழுகலைத் தொட்டதுபோல் கையைக் கழுவினாள்.

அந்த வருஷம் அவள் வீட்டுக்குப் பூங்கொத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ஆஷ்லின் என்று சின்னப் பெண், விளம்பரப் படம் எடுப்பவள். கூட வந்தவர் ஹட்டோ. முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. இப்போது அந்த நிதியை நடத்துவதே அவர்தானாம். யாருக்கு எவ்வளவு என்று பேசி முடித்துக் கொடுக்கிற வேலை.

"மிஸ் வெர்னெல், உங்க கதையைக் கேட்டு நான் அழுதுட்டேன்," என்றாள் ஆஷ்லின். "நம்ம பசங்களைக் கவனிச்சுக்கணும்னு முதல்ல நினைச்சது நீங்கதான். டென்பரோவோட இதயமே நீங்கதான். இதே சமையலறை, இதே மேசை. நீங்க பரிமாறுறீங்க, ஒரு பையன் சாப்பிடுறான். உங்களுக்கு நல்ல தொகை தருவோம்."

ஹட்டோ இந்த முறை டீயைக் குடித்தார். கேக்கையும் எடுத்துக்கொண்டார்.

"டவாரிஸுக்கு என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டாள் வெர்னெல்.

"நிதி இப்ப ஆடறவங்களுக்குத்தாங்க," என்றார் ஹட்டோ. "அவர் விஷயம் துரதிர்ஷ்டம். அப்ப விதி அப்படி இருந்தது, இப்ப இப்படி இருக்கு. நான் ரெண்டையும் ஒழுங்காத்தான் செய்யறேன். படத்துல அவர் வந்து கையசைச்சா சந்தோஷப்படுவோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு டவாரிஸுக்குப் போன் செய்தாள். மீன் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப்போகும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கிளட்சை மிதித்து மிதித்து அந்த முட்டி சாயங்காலம் ஆனால் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். மகள் ஒருத்தி பள்ளிக்கூடம் போகிறாள்.

"வாங்கிக்கங்க மிஸ் வெர்னெல். கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்களே. எனக்காக வேணாங்காதீங்க."

"நீ வந்து கையசைப்பியாடா?"

"மாட்டேங்க," என்றான்.

மறுநாள் ஆஷ்லின் போனில் கேட்டாள், "ஏன் மிஸ் வெர்னெல்? பணம் பத்தலையா? பேசலாம்."

"அருவருப்பா இருக்கு கண்ணு," என்றாள் வெர்னெல். "வேற காரணம் எதுவும் இல்லை. அன்னைக்கு நான் செஞ்சது குற்றம்னு சொல்லி அவன் அம்மாகிட்ட காசு பிடுங்கினீங்க. இன்னைக்கு அதையே அன்புன்னு சொல்லி விக்கப் போறீங்க. என் சோத்தை ரெண்டு தடவை விலை போடறீங்க, ரெண்டு தடவையும் அவனுக்கு ஒண்ணுமில்லை. சின்னப் பொண்ணு நீ, உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது. வேற இடம் பாரு."

வேறு இடம் பார்த்தார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, முடி அலங்காரக் கடையில் வெர்னெல் தலை நிறைய ரோலர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவர் டிவியில் டென்பரோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் விளம்பரம் வந்தது. பூப்போட்ட ஏப்ரன் கட்டிய குண்டு நடிகை ஒருத்தி, பளபளவென்ற அடுப்பிலிருந்து கோழியை எடுத்து, பளபளவென்ற பல் வைத்த பையன் தட்டில் வைத்தாள். 'டென்பரோவில் யாரும் பசியோடு இருப்பதில்லை' என்று கனத்த குரல் ஒன்று சொன்னது. பின்னால் பியானோ.

"அய்யோ, என்ன மனசு பாரேன்," என்று பக்கத்து நாற்காலிக்காரி கண்ணைத் துடைத்தாள். "இது நிஜமா நடந்த கதையாமே. அந்தம்மா செத்துட்டாங்களாம்."

வெர்னெல் துண்டை உதறிப் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"மிஸ் வெர்னெல், எங்க போறீங்க? ரோலர்! தலை இன்னும் ஈரமா இருக்கு!" என்று கடைக்காரி சீப்போடு வாசல் வரை ஓடிவந்தாள்.

"காத்துல காஞ்சுக்கும்," என்று சொல்லிவிட்டு வெர்னெல் தெருவில் இறங்கி நடந்தாள். எதிரே வந்தவர்களெல்லாம் பச்சை உடுத்தி ஸ்டேடியத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ரோலர் தலையோடு ஒரு கிழவி அந்தக் கூட்டத்துக்கு எதிராக நடப்பதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் யாருக்கும் வழிவிடவில்லை.